நாலாவது மொப்

எங்கள் வீட்டில் இதுவரை மூன்று மொப் செத்திருக்கின்றன. தரை துடைக்கிற ஒரு தடிக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கிறவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். எனக்கு அது வெறும் தடி இல்லை, என் மனைவி மீனம்மாவின் முழங்கால்.

விஷயம் இதுதான். மீனம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நுவரெலியா ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இந்த அம்மா இனி முழங்காலை ஊன்றித் தரையில் வேலை செய்யவே கூடாது, செய்தால் ஒரு நாள் எழும்ப முடியாமல் அப்படியே இருந்துவிட வேண்டியதுதான் என்றார். சிங்களத்தில் ஒரு தடவை சொன்னார், எங்களுக்கு விளங்கவில்லையோ என்று தமிழில் இன்னொரு தடவை சொன்னார். மீனம்மா இரண்டு தடவையும் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினாள். மறுநாள் விடிந்ததும் பழைய படங்கை நனைத்துப் பிழிந்தாள். படங்கு என்பது தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற முரட்டுத் துணி. அதை எடுத்துக்கொண்டு, முழங்காலை ஊன்றி, முன்கதவு தொடங்கி அடுப்பிருக்கிற குசினி வரைக்கும் தரையைத் துடைத்தாள்.

எங்கள் தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிறது. வீட்டுத் தரை வெள்ளை டைல்ஸ். எந்தப் புத்திசாலி இந்த மண்ணில் வெள்ளை டைல்ஸ் பதிக்கச் சொன்னான் என்று கேட்காதீர்கள், நிறத்தைத் தேர்ந்தெடுத்தது மீனம்மா. மழை நாளில் கீழே ரோட்டிலிருந்து ஏறி வருகிற ஆள் பாதித் தோட்டத்தைக் காலில் ஒட்டிக்கொண்டுதான் உள்ளே வருவான். ஆகவே தினமும் துடைக்க வேண்டும். தினமும் அவள் முழங்காலை ஊன்ற வேண்டும். துடைத்து முடித்துக் கதவு நிலையைப் பிடித்து எழும்பும்போது அவள் வாயிலிருந்து ஒரு சின்ன முனகல் வரும். அடுப்படியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிற எனக்கு அது கேட்கும். அந்த முனகலைக் கேட்கப் பயந்துதான் நான் மொப் வாங்கத் தொடங்கினேன்.

முதலாவது நூல் மொப். தலை நிறைய வெள்ளை நூல் தொங்கிக்கொண்டு பார்க்க லட்சணமாக இருந்தது. கொஞ்ச நாளில் அதற்கு வழுக்கை விழுந்தது. இரண்டாவது ஸ்பொஞ்ச் மொப். கைப்பிடியை இழுத்தால் தானே பிழிந்துகொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது காய்ந்த பாண் ரொட்டி மாதிரி விறைத்துப் போய் நடுவில் வெடித்தது. மூன்றாவதுதான் பெரிய ஆள். வாளியோடு வந்தது, காலால் மிதித்தால் வாளிக்குள் இருக்கிற கூடை சுற்றித் தண்ணீரை உதறிவிடும். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அதன் மிதியும் இறுகிவிட்டது. ஒவ்வொன்று பழுதாகும்போதும் மீனம்மா பழையபடி படங்கை எடுத்து நனைப்பாள்.

எனக்குக் கோபம் வந்தால் எனக்கே அடங்காது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலை பெக்டரியில் என் காலம் முழுக்க வேலை செய்தவன் நான். இரும்பு மெஷின்களையே திட்டித் திட்டி ஓட்டியவன். இந்த பிளாஸ்டிக் சாமான்கள் எனக்குப் பெப்பே காட்டுவதா என்று, வெடித்த ஸ்பொஞ்சையும் இறுகிய வாளியையும் தூக்கிக்கொண்டு டவுனுக்கு இறங்கினேன். மூன்றையும் எனக்கு விற்ற முஸ்லிம் நானாவின் கடைக்குப் போய் இரண்டையும் மேசையில் வைத்து, இதுதானா நீங்க விக்கிற சாமான் என்று கேட்டேன். கடையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் உரக்கக் கேட்டேன்.

நானா பொறுமைசாலி. மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஸ்பொஞ்சைத் தடவிப் பார்த்தார். இது ஈரத்திலேயே இருக்க வேண்டிய சாதி, தண்ணீர் காட்டாமல் காயவிட்டால்தான் இப்படி வெடிக்கும் என்றார். பிறகு வாளிக்குள் கையை விட்டு மிதிக்குக் கீழே துழாவினார். விரல் நுனியில் எதையோ பிடித்து எடுத்து மேசையில் வைத்தார். ஒரு போஞ்சி விதை.

“அண்ணே, இது வேல செஞ்சு மௌத்தான மொப் இல்ல,” என்று சாவு வீட்டுக் குரலில் சொன்னார். “சும்மா இருந்து மௌத்தானது.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் இரண்டையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மேலே ஏறும் வழியெல்லாம் எனக்குள் அதே யோசனை. வீட்டை நெருங்கியதும் எங்கள் மரக்கறிப் பாத்தியைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற பாத்திதான், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. போஞ்சிக் கொடிகளைக் கம்போடு சேர்த்து வெள்ளை நூலால் கட்டியிருந்தாள். முதலாவது மொப்புக்கு ஏன் வழுக்கை விழுந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. அதன் தடியும் அங்கேயே கொடி சுற்றி நின்றது. வாளியில் ஊறப் போட்டதும் இந்தப் பாத்திக்கான விதைதான். தரை துடைப்பதைத் தவிர மற்ற எல்லா வேலைக்கும் அந்த மொப்புகளைப் பயன்படுத்தியிருக்கிறாள் என் மனைவி.

இன்றைக்கு ஒரு வழி பார்த்துவிடுவது என்றுதான் வாசலில் ஏறினேன். உள்ளே அவள் முதுகைக் காட்டிக்கொண்டு முழங்காலில் நின்றாள். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. வலது கை படங்கோடு இடமிருந்து வலமாக ஓர் அரை வட்டம் போட்டது. கொஞ்சம் பின்னால் நகர்ந்து இன்னொரு அரை வட்டம், முன்னதைத் தொட்டுக்கொண்டு. டைல்ஸை யாரும் அப்படித் துடைக்க மாட்டார்கள். அந்தக் கையசைவு எனக்கு நன்றாகத் தெரியும். அது துடைக்கிற கை இல்லை, மெழுகுகிற கை. நான் திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் மகள் லோஜினி மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது மீனம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்போது நாங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தோம். ஒரே ஒரு காம்பரா, அதாவது அறை, முன்னால் திண்ணை மாதிரி ஒரு சின்ன இஸ்தோப்பு, மண் தரை. வெள்ளிக்கிழமை தோறும் அந்தத் தரையைச் சாணி போட்டு மெழுக வேண்டும். மெழுகாமல் விளக்கேற்றுவது மீனம்மாவுக்கு ஆகாத காரியம். போவதற்கு முதல் நாள் அவள் சாமான் கட்டவில்லை, அழவும் இல்லை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் குந்த வைத்து மெழுகக் காட்டித் தந்தாள். சாணியை எவ்வளவு கரைப்பது, எந்த மூலையில் ஆரம்பிப்பது, எப்படிப் பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசல் வழியாக வெளியே வருவது எல்லாம் சொன்னாள். என் கையைப் பிடித்து அரை வட்டம் போட்டாள். தேய்க்காதீங்க, தடவுங்க என்று அன்றைக்கு எத்தனை தடவை சொன்னாளோ தெரியாது.

அவள் போன பிறகு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பக்கத்துக் காம்பரா சின்னத்தம்பியின் மாட்டுக் கொட்டிலுக்கு நான் வாளியோடு போவேன். பூண்டுலோயாப் பனியில் அந்தச் சாணித் தண்ணீரில் கையை விட்டால் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மெழுகிவிட்டுத்தான் ஸ்டோருக்கு வேலைக்கு ஓடுவேன். ஆம்பிளை ஒருத்தன் குந்திக்கொண்டு மெழுகுவதைப் பார்க்க லயமே இஸ்தோப்பில் கூடும். சின்னத்தம்பி எனக்குப் பழனியம்மா என்று பேர் வைத்தான். பழனியாண்டி என்ற என் பேர் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது மட்டும்தான் கேட்டது என்று சொல்ல வேண்டும். நான் அவனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு மெழுகுவேன். வேறென்ன செய்வது, மத்தியானம் போன் வருமே.

குவைத்தில் வெள்ளிக்கிழமை அந்த வீட்டு ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில்தான் மீனம்மாவுக்கு மூச்சு விட முடியும், போன் எடுக்க முடியும். சுகமா என்று கேட்க மாட்டாள். முதல் கேள்வியே மெழுகிவிட்டீர்களா என்பதுதான். மெழுகியாச்சு என்பேன். எந்த மூலையில் ஆரம்பித்தீர்கள், சாணி புதுசா பழசா, இஸ்தோப்பையும் சேர்த்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். எனக்குச் சலிப்பாக இருக்கும். சொல்லாவிட்டால் போனை வைக்கவும் மாட்டாள். அந்தச் சலிப்பு இப்போது நினைத்தால் எவ்வளவு இனிப்பாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியிருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை லோஜினி ஈரம் காய்வதற்குள் தரையில் மிதித்துவிட்டாள். அடுப்பு வரைக்கும் வரிசையாகப் பிஞ்சுக் கால் தடம். கை விறைக்க விறைக்க மெழுகினவனுக்கு எப்படி இருக்கும். பிள்ளையை நன்றாக ஏசினேன். அவள் அம்மாவிடம் போனில் அழுதுகொண்டே கோள் சொன்னாள். மீனம்மா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். நான் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன்.

“அந்தத் தடத்த அழிக்காதீங்க,” என்றாள். “எவ்வளவு பெருசா இருக்கு? உங்க கைய வச்சுப் பாத்துச் சொல்லுங்க.”

கையை விரித்து வைத்துப் பார்த்தேன். என் நடுவிரல் நுனிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ அரபிப் பாட்டு மட்டும் தூரத்தில் கேட்டது.

அதற்குப் பிறகு மெழுகி முடித்ததும் நானே லோஜினியைக் கூப்பிட்டு வாசல் ஓரம் ஒரு தடவை மிதிக்கச் சொல்வேன். கையை வைத்துப் பார்த்து மத்தியானம் போனில் சொல்வேன். விரல் நுனியைத் தொட்டது, விரலைத் தாண்டியது, இப்போது என் கை போதாது என்று இப்படியே அந்தக் கால் வளர்ந்தது. நடுவில் இரண்டு தடவை மீனம்மா லீவில் வந்து போனாள். வரும்போதெல்லாம் மகளின் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

அவள் அனுப்பிய காசில்தான் இந்த வீடு எழும்பியது. தரைக்கு என்ன போடுவது என்று கேட்டபோது வெள்ளை டைல்ஸ் என்று போனில் அடித்துச் சொன்னாள். அவள் ஒரேயடியாகத் திரும்பி வருகிற நாள் வந்தது. லோஜினி அப்போது வலப்பனையில் டீச்சராகியிருந்தாள், அம்மாவைக் கூட்டி வர விமான நிலையத்துக்குப் போனவள் அவள்தான். நான் வீட்டில் இருந்தேன். விடிந்தால் வெள்ளிக்கிழமை. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. சின்னத்தம்பியிடம் போய் ஒரு வாளி சாணி வாங்கி வந்தேன். புது டைல்ஸ் தரை முழுக்க மெழுகிவிட்டேன்.

சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். மண் சாணியைக் குடிக்கும், டைல்ஸ் குடிக்குமா. காய்ந்ததும் அப்பளம் மாதிரிப் பொருக்குப் பொருக்காகக் கிளம்பியது. கதவு மாட்ட வந்த மேசன் பாஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு, டைல்ஸ் பதித்த பாவத்துக்கு இதையும் பார்க்க வேண்டுமா என்று சிங்களத்தில் புலம்பினார். மீனம்மா வேனிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றாள். மூச்சை இழுத்தாள். உள்ளே வந்து, முழங்காலை ஊன்றி, இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்தாள். கும்பிடுகிறாள் என்று லோஜினி சொன்னாள். எனக்கு என்னவோ தொட்டுப் பார்க்கிறாள் என்றுதான் பட்டது. பிறகு எழும்பிப் படங்கு இருக்கிறதா என்று கேட்டாள். அன்றைக்கு ஊன்றின முழங்கால்தான் இது.

இதெல்லாம் அன்றைக்கு வாசலில் நின்றபோது என் மனதில் ஓடியது. ஆனாலும் மனைவி மெழுகுகிற மாதிரித் துடைக்கிறாள் என்பதற்காக முழங்காலை விட்டுக் கொடுக்க முடியுமா. அடுத்த கிளினிக்குக்கு நுவரெலியா போகும்போது பெரிய கடையில் நீயே ஒரு மொப் பொறுக்கு என்று சொன்னேன். நான் வாங்கியதெல்லாம் தரம் கெட்ட சாமான், உனக்குப் பிடித்ததை எடுத்தால் நிலைக்கும் என்றேன். அவள் படங்கைப் பிழிந்துகொண்டே பார்ப்போம் என்றாள்.

கிளினிக்கில் டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், முகம் சுளித்தார். இன்னும் ஊன்றுகிறீர்களா என்று கேட்டார். மீனம்மா இல்லை என்றாள். நான் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் படியில் ஏறி இறங்க அவளுக்கு என் தோள் வேண்டியிருந்தது. அன்றைக்கு இறங்கும்போது தோளைப் பிடித்த பிடி முந்தியதைவிட இறுக்கமாக இருந்தது.

கடையில் ஒரு சுவர் நீளத்துக்கு மொப்புகள் நின்றன. மீனம்மா முதலில் அவற்றைப் பார்க்காத மாதிரிக் கடந்து போனாள். நான் ஒன்றை எடுத்து இது எப்படி என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தவள், அதை என்னிடமிருந்து வாங்கித் திரும்ப இருந்த இடத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் கை தானாக வேலை செய்யத் தொடங்கியது. ஒன்றின் தலையைப் புரட்டி ஒற்றை நூலை இழுத்தாள், நூல் கையோடு வந்தது, விட்டுவிட்டாள். நுனி வெட்டிவிட்ட நூல் பிரிந்துபோகும், மடித்துத் தைத்திருக்க வேண்டும் என்றாள். இன்னொன்றில் தலையும் தடியும் சேருகிற கழுத்தைப் பிடித்து முறுக்கினாள், பிளாஸ்டிக் கழுத்து முனகியது. இரும்பில் மறை போட்டிருக்க வேண்டும், சும்மா செருகினது நிற்காது என்றாள். மெல்லிய தடியைச் சுண்டிப் பார்த்து, இது உள்ளுக்குள்ளேயே துருப் பிடிக்கும் என்று சொன்னாள். கடைசியில் ஒன்றை எடுத்து நேராக நிறுத்தி, தடியின் உயரம் தன் நாடிக்கு வருகிறதா என்று பார்த்தாள். கட்டையான தடி முதுகை ஒடித்துவிடுமாம். பழைய தலை தேய்ந்தால் மாட்டுவதற்குத் தனித் தலை கிடைக்குமா என்று கடைக்காரியிடம் சிங்களத்தில் கேட்டாள். கிடைக்கும் என்ற கடைக்காரி, நோனா ஹோட்டல் நடத்துகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டாள்.

மீனம்மாவின் கை நின்றுவிட்டது. மொப்பை என் கையில் கொடுத்தாள்.

“இது நல்ல சாமான், ரொம்ப வருசத்துக்கு வரும்,” என்றாள். “ஆனா எனக்கு வேணாங்க.”

சொல்லிவிட்டுத் தாங்கித் தாங்கி நடந்து கடையை விட்டு வெளியே போனாள். நான் மொப்பைச் சுவரில் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. நடக்க முடியாமல் போனால் உன்னைத் தூக்கிச் சுமப்பது யார், நானா, சின்னத்தம்பியின் மாடா என்று கேட்டேன். எப்போதும் அதற்குச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. மடியில் இருந்த மருந்துப் பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அங்க சாயங்காலமானா எல்லாரும் சோபாவுல உக்காந்து டிவி பாப்பாங்க. நான் மொப்ப தள்ளிக்கிட்டு வருவேன். கிட்ட வந்தா காலத் தூக்குவாங்க. நல்ல மனுசங்கதான், ஒரு நாளும் ஏசினது கெடையாது. ஆனா காலத் தூக்குறப்போ ஒருத்தராவது என் மூஞ்சியப் பாத்தது இல்லீங்க. நானும் காலத்தான் பாப்பேன். அந்த வீட்டுக் கடைசிப் புள்ள காலு, கைக்கொழந்தையா இருந்ததுல இருந்து செருப்பு மாத்தி மாத்தி வளந்தத நான் கண்ணால பாத்தேன். நம்ம புள்ள காலு வளந்தத நீங்க போன்ல சொல்லித்தான் கேட்டேன்.”

இத்தனை வருஷமாக அவள் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கத் தெரியாதவனாக இருந்திருக்கிறேன். குவைத்து வீட்டுத் தரை முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பாக இருக்கும் என்று மட்டும் போனில் சொல்வாள். அவளுக்கு அந்தத் தரை பிடித்திருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

“அந்தத் தடியக் கையில எடுத்தா நான் அங்க போயிடுறேன்,” என்றாள். “தரையக் கையால தொட்டாத்தான் இது என் வீடுன்னு இருக்கு. முழங்கால் போனா போகட்டுமே.”

பக்கத்தில் வடைக்காரன் கூவிக்கொண்டிருந்தான். நான் எழும்பினேன். எங்கே என்று கேட்டாள். நேராகக் கடைக்குப் போனேன். சுவரில் சாத்தி வைத்த மொப் அதே இடத்தில் இருந்தது. அதையும், கூடவே ஒரு தனித் தலையையும், இரும்பு வளையம் போட்ட ஒரு வாளியையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு சொல்லியுமா என்கிற மாதிரிப் பார்த்தாள்.

“இது உனக்கில்ல,” என்றேன். “எனக்கு.”

“ஆம்பள மொப்ப புடிச்சா ஊரு சிரிக்குங்க.”

“நான் மெழுகினப்பவே ஊரு சிரிச்சு முடிச்சாச்சு. இனி சிரிக்க மிச்சமில்ல.”

பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் மொப் தலைகீழாக நின்று வந்தது. வளைவுக்கு வளைவு அதன் நூல் முன்சீட்டுக்காரரின் காதை வருடியது. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மீனம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, நான் வெளியே தேயிலையைப் பார்த்தேன்.

மறுநாள் அவள் எழும்புவதற்கு முந்தியே படங்கை எடுத்து அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டேன், அவளுக்கு எட்டாத உயரம். முன்னறை நடுவில் ஒரு கதிரையைப் போட்டு உட்காரச் சொன்னேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, கோழிக்குத் தீனி போடவில்லை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். நான் விடவில்லை. கடைசியில் கதிரையின் நுனியில், கூப்பிட்டால் எழும்பி ஓடத் தயாராக உட்கார்ந்தாள்.

எனக்கு மொப் பிடிக்கத் தெரியாது. முதல் இழுப்பிலேயே குசினி வாசலில் ஒரு குளம் கட்டியது. அவளால் பொறுக்க முடியவில்லை. நன்றாகப் பிழியுங்கள், முன்னால் தள்ளாதீர்கள், பின்னால் நடந்துகொண்டே அரை வட்டமாக இழுங்கள் என்று கதிரையிலிருந்தே சொன்னாள். மெழுகும்போதும் இப்படித்தானே சொன்னாய் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு ஆமாம் என்றாள். அதற்குப் பிறகு கை தானாகப் பழைய தாளத்துக்கு வந்துவிட்டது. முன்கதவு திறந்திருந்தது. பால் வாளியோடு அந்த வழியாகப் போன சின்னத்தம்பி நின்று எட்டிப் பார்த்து, என்ன பழனியம்மா திரும்ப ஆரம்பிச்சாச்சா என்று கேட்டான். நான் திரும்பிப் பார்க்காமலே ஏசினேன். மீனம்மா வாய்விட்டுச் சிரித்தது எனக்குப் பின்னால் கேட்டது.

துடைத்துக்கொண்டே கதிரைக்குக் கிட்ட வந்தேன். அவள் கால்கள் தரையில் இருந்தன. சிரிப்பு நின்றுவிட்டது. நானும் மொப்பை நிறுத்தினேன்.

“காலத் தூக்கு, மீனம்மா.”

அவள் உடனே தூக்கவில்லை. கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். பிறகு மெல்ல, வலியோடு, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கினாள். பித்தவெடிப்பும் அட்டை கடித்த பழைய தழும்புமாக இருந்தன அந்தக் கால்கள். நான் குனிந்து அவற்றுக்குக் கீழே துடைத்தேன். துடைத்துவிட்டு நிமிர்ந்தால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது, எனக்கும் அப்படித்தான். வெட்கமாக இருந்தது, இருந்தாலும் ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை.

கால் வலித்திருக்க வேண்டும். தரை காய்வதற்குள் இறக்கிவிட்டாள். இறக்கினதோடு நிற்காமல் கதிரையை விட்டு எழும்பி, அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லிக் குசினிக்குள் நடந்து போனாள். எழும்பும்போது அந்த முனகல் வரவில்லை. அவள் போன வழி முழுக்க, நான் பாடுபட்டுத் துடைத்த வெள்ளைத் தரையில், வரிசையாகக் கால் தடம்.

ஏசுவதற்கு வாய் திறந்தேன். மொப்பைக்கூடத் தூக்கிவிட்டேன். பிறகு அதை மெதுவாகச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு முழங்காலை ஊன்றினேன், என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. கையை விரித்து முதல் தடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கதவு வழியாக வந்த காற்றில் அது ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது, முழுதாகக் காயும் வரைக்கும் நான் அங்கேயே இருந்தேன்.